நாற்பத்தோராயிரம் அமரர்களும் கலைமாறனின் கணினியும்

கலைமாறன் எங்கள் அச்சகத்துக்கு வந்தது 2014 சித்திரையில். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் இருக்கும் இந்தக் கடையில் கல்யாணக் கார்ட், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டு அழைப்பிதழ், செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலர் எல்லாம் அடிப்போம். நான் பக்கம் வடிவமைக்கிறவன். வருகிற மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது கலைமாறனின் வேலை. அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. 2009இல் வன்னியில், கடைசிச் சண்டையில் போனது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை வைத்து வேலை செய்வான். அவன் அதை ஓடவிடும் வேகத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் தகரத்தில் கடலை கொட்டுகிற சத்தம்தான்.

அப்படிப்பட்ட வாயாடிக் குரல் எங்கள் மெயிலைத் திறந்ததும் ஊமையாகிவிடும். அம்புக்குறியை ஒருதரம் தட்டினால் பன்னிரண்டு செக்கன் மௌனம். பிறகு ஒரு தலைப்பை வாசிக்கும். அடுத்த தட்டுக்கு இன்னொரு பன்னிரண்டு. முன்னம் இந்த வேலையில் இருந்த பிள்ளை நாளுக்கு நாற்பது பதில் போட்டாள். இவன் ஒன்பது போட்டான்.

முதலாளி சாரதாதேவி அக்கா நல்ல மனுசி. ஆனால் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரக் கொந்திரா, அதாவது வேலை ஒப்பந்தம், என்று முதல்நாளே சொல்லியிருந்தார். ஆடியில், அந்த மூன்று மாதத்தின் கடைசி வாரத்துத் திங்கட்கிழமை, என்னைக் கூப்பிட்டு, "தம்பி கொஞ்சம் சோம்பேறி போலை கிடக்கு. வெள்ளிக்கிழமையோடை நிப்பாட்டுவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அதைக் கலைமாறனிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

"கண் தெரியாது எண்டு நிப்பாட்டினால் பரவாயில்லை அண்ணை. சோம்பேறி எண்டு நிப்பாட்டினால் நான் எங்கை போய் வேலை கேக்கிறது?" என்றான்.

மார்க்ஸ் டோர்மோயில் கணினி திருத்துகிற யோன் வந்து பார்த்தார். பெண்குரல் கணினிக்குப் பாரமாக இருக்கலாம் என்று ஆண்குரலுக்கு மாற்றினார். பன்னிரண்டு செக்கன் கழித்து ஆம்பிளை பேசினான், அவ்வளவுதான். அக்கா தன் பங்குக்கு நாவூறு, ஆற்றையோ கண் பட்டுவிட்டது என்று சொல்லி, குங்குமம் பூசிய தேசிக்காய் ஒன்றைக் கணினிக்கு அடியில் வைத்தார். அதனால் கணினி ஒரு பக்கம் சரிந்து ஆடத் தொடங்கியது.

கடைசியில் கலைமாறனே கண்டுபிடித்தான். ஒரு மெயிலும் இல்லாத வெறும் கோப்புறையைத் திறந்தால் குரல் பறந்தது. இன்பொக்ஸைத் திறந்தால் படுத்தது. "பிழை குரலிலை இல்லை அண்ணை. நான் தட்டுற ஒவ்வொரு தட்டுக்கும் இது முழுப் பட்டியலையும் தூக்கி நிமித்துது. எத்தினை மெயில் கிடக்கெண்டு பாருங்கோ."

பார்த்தேன். நாற்பத்தோராயிரம். அதில் முக்கால்வாசிக்கு மேல் செத்தவீடு. ஒரு செத்தவீட்டுக்கு முப்பது மெயில் வரும்: படம், வேறு படம், இரண்டாவது மருமகனின் பெயர் விட்டுப்போனது, அவர் கோபித்துக்கொண்டதால் அவரை முதலில் போடச் சொல்வது. கடை தொடங்கிய நாளிலிருந்து ஒன்றையும் யாரும் அழிக்கவில்லை.

"அமரர் எண்டு பேர் போட்டு வந்ததைக் குப்பைத்தொட்டியிலை போடுறதோ? குடும்பம் விளங்காது" என்றார் அக்கா.

"அழிக்க வேண்டாம் அக்கா, வேறை கோப்புறைக்கு மாத்துவம்" என்றான் கலைமாறன். அதற்கும் அக்கா பயந்தார். கோயில் ஐயருக்கு ஃபோன் போட்டு ஒலிபெருக்கியில் விட்டார். பின்னால் மணிச்சத்தம் கேட்டது.

"முப்பத்தொண்டு முடிஞ்சுதோ?" என்று ஐயர் கேட்டார்.

"சிலதுக்குப் பத்து வருசம் முடிஞ்சுது ஐயா."

"அப்ப இவ்வளவு நாளும் முன்விறாந்தையிலை வைச்சிருந்ததுதான் பிழை. உள்அறைக்கு அனுப்புங்கோ. ராகுகாலத்திலை தொடங்காதேங்கோ."

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு மணிக்கு முடியும். கலைமாறனின் மூன்று மாதக் கொந்திராவும் அன்று பின்னேரத்தோடு முடியும். பன்னிரண்டு ஒன்றுக்குத் தொடங்கினோம். கல்யாணங்கள் தவறி உள்அறைக்குப் போய்விடக்கூடாது என்று அக்கா சொன்னதால், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, கடை முழுக்கக் கேட்க ஆளுக்கொரு தலைப்பாக வாசிக்கவிட்டு, கட்டுக்கட்டாக மாற்றினான். அமரர்கள் குறையக் குறையக் குரலுக்கு உயிர் வந்தது. பன்னிரண்டு செக்கன் ஆறானது, ஆறு இரண்டானது. 2009க்கு வந்தபோது கடலை கொட்டத் தொடங்கிவிட்டது.

கலைமாறன் திடீரென்று நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, ஒன்றைத் திரும்பத் தட்டினான்.

"அமரர் இரத்தினம் கலைமாறன். முப்பத்தோராம் நாள் நினைவு மலர்" என்றது குரல்.

"உன்ரை பேரிலை வேறை ஆரோ" என்றேன். அந்த வருசம் வந்த அத்தனை அமரர்களில் ஒரு பெயரும் எங்களுக்கு நினைவில் இல்லை. அவன் மெயிலைத் திறந்தான். பிறந்த திகதி அவனுடையது. ஊர் அவனுடையது. அனுப்பியவர் இங்கே ஸ்டாலின்கிராட் மெற்றோவுக்குப் பக்கத்தில் இருக்கும் அவனது மாமா அரியநாயகம். வன்னியிலிருந்து சேதி இல்லாத அந்த மாதங்களில் யாரோ செத்துவிட்டான் என்று சொல்ல, மாமா நம்பிவிட்டார். பிறகு முகாம் ஆஸ்பத்திரியில் ஆள் உயிரோடு அகப்பட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அவரின்ரை வீட்டிலைதான் இருக்கிறன். ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்றான் கலைமாறன்.

குரல் ஆறுதலாக வாசித்துக்கொண்டு போனது. படிப்பில் சூரன். பெற்றார் சொல் தட்டாதவன். சுறுசுறுப்பே உருவெடுத்து வந்தவன்.

"கணக்கிலை நான் மூண்டுதரம் பெயில். மாமா தினம் காலமை சோம்பேறி எண்டு பேசித்தான் எழுப்புறவர்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா காகிதம் வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை புத்தகம் அடிச்சனீங்கள் அக்கா?"

"முந்நூறு. இதிலை போட்டுக் கிடக்கு."

"மிஞ்சினதோ?"

"இல்லைத் தம்பி. பிறகும் ஐம்பது கேட்டு அடிச்சனாங்கள்." அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

கலைமாறன் கதிரையை அவர் பக்கம் திருப்பினான். "சுறுசுறுப்பு எண்டு முந்நூற்றைம்பது பேருக்கு நீங்கள்தான் அடிச்சுக் குடுத்திருக்கிறியள். இப்ப சோம்பேறி எண்டு நிப்பாட்டினால் சனம் உங்களைத்தான் கேக்கும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நிரந்தரக் கொந்திராவை எடுத்து வந்து கையெழுத்து வைத்தார். பிறகு கலைமாறனின் தோளைத் தொட்டு, "அந்த ஒண்டை மட்டும் அழிச்சுவிடு தம்பி. நான் சொல்லுறன், பாவம் வராது" என்றார்.

"வேண்டாம் அக்கா, கிடக்கட்டும். உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் இப்பிடி எழுதித் தரப்போயினம்?" என்று சொல்லி, தன்னையும் மற்றவர்களோடு சேர்த்து உள்அறைக்கு அனுப்பினான். பின்னேரம் கடை பூட்டுமுன் ஐம்பத்திரண்டு மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டான்.