தண்ணீர் விடாத சவாரித் திடல்

என் மனுசன் வாகீசனுக்குப் பொறாமை. ஒளித்து என்ன ஆகப்போகிறது? இராசநாயகம் அண்ணையின் பெயரைக் கேட்டாலே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். வட்டுக்கோட்டையில் மாட்டுவண்டிச் சவாரி என்றால் முதலாவதாக வருவது அந்த அண்ணையின் மாட்டுச் சோடிதான். இரண்டாவது நாங்கள். வருசா வருசம் இதே கதை.

எங்கள் சோடியில் இவரின் செல்லம் செவலை. வீட்டில் முட்டை வாங்கினால் செவலைக்கு, நல்லெண்ணெய் வாங்கினால் செவலையின் கால்களுக்கு. எனக்கு ஒரு தலைவலிக் குளிசை வாங்கித்தர ஆளில்லை. அந்த மாட்டைப் பார்த்து எனக்கும் வயிறு எரியும்தான்.

"அவரின்ரை மாடுகள் பாரமான மாடுகள். ஈர மண்ணிலை கால் ஊண்டி இழுக்கும். தரை இறுகிக் கிடந்தால் என்ரை செவலை பறக்கும்," என்று இவர் ஓயாமல் கதைப்பார்.

இம்முறை திடலுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பு இவருக்கு வந்தது. மண் இளகியிருந்தால்தான் மாடு பாய்ந்து மிதிக்கும் அடியை அது வாங்கிக்கொள்ளும். காய்ந்த தரை அந்த அடியை அப்படியே காலுக்குத் திருப்பிவிடும். இது இவருக்குத் தெரியாததா? "பம்ப் பழுது," என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் அதே பம்பில் எங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர் ஓடியது.

"இஞ்சேருங்கோ, செவலையும் உந்தத் தரையிலைதானே ஓடவேணும்?" என்றேன்.

"நீ உன்ரை வேலையைப் பார்."

மறுநாள் சவாரி தொடங்குமுன் இராசநாயகம் அண்ணை குதிக்காலால் தரையைக் குத்திப் பார்த்தார். "இதிலை நான் மாட்டை விடமாட்டன். வாகீசன், நீயும் விடாதை," என்று தன் சோடியை வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்டார்.

"பாத்தியளே, பயந்திட்டார்!" என்று இவர் ஊர் கேட்கச் சிரித்தார்.

பறந்ததுதான். எங்கள் சோடி முதலாவதாக வந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் செவலை ஒரு முன்னங்காலைத் தூக்கியது. பிறகு அதை நிலத்தில் ஊன்றவேயில்லை.

முதலில் ஓடிவந்தவர் இராசநாயகம் அண்ணைதான். முழங்காலிட்டு, தோளில் கிடந்த துவாயை நனைத்து அந்தக் காலைச் சுற்றிக் கட்டினார். தீனி வைக்கப்போனால் என்னையே முட்ட வரும் மாடு, அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"இனி இது சவாரிக்கு உதவாது, தம்பி," என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

இவர் வீட்டுக்கு வந்து வெற்றிக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அதைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடலாம் போலிருந்தது.

"செவலையின்ரை காலை நினைச்சோ அழுறியள்?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையாட்டினார்.

"அது அவரின்ரை தோளிலை சாய்ஞ்சதைக் கண்டனியே? என்னிலை அது ஒருநாளும் அப்பிடிச் சாயேல்லை."