குடையை மடக்கச் சொன்னவன்

ஜோகூரில், தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஜெயபாலன் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தார். பதினோரு வருஷம் ஆபீஸ் காகிதம் எழுதியே தேய்ந்த கை, 1934-இல் ஒரு நாவலை எழுதி முடித்தது. அதை எழுதியதைவிட அச்சேற்றுவதுதான் அவர் உயிரை வாங்கியது.

கதைக்கு அவர் எங்கும் தேடிப் போகவில்லை. துரை எதிரே வந்தால் தமிழன் எவனும் குடையை மடக்கிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அந்தத் தோட்டத்தின் வழக்கம். ஒரு மழைநாளில் ஜெயபாலன் துரையைக் கவனிக்காமல் நடந்துவிட்டார். துரை குடையைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்து, கூலிகள் பார்க்க அவரை நாயே என்றான். வாங்கியதை வைத்துக்கொள்ள முடியவில்லை நம் கிராணிக்கு. அன்று சாயங்காலமே, இடுப்பில் பிள்ளையோடு குடை பிடித்து வந்த ரப்பர் பால்வெட்டுக்காரி அங்கம்மாளை நிறுத்தி, குடையை மடக்கச் சொன்னார். பிள்ளை தொப்பலாக நனைந்தது.

இதையெல்லாம் 'நான்' என்று ஒரு கிராணியே சொல்வதாக எழுதினார். அந்தக் கிராணி வருந்தவில்லை, திருந்தவுமில்லை. துரையிடம் பல்லிளிப்பான், கூலியிடம் பல்லைக் கடிப்பான்.

ஜோகூர் பாருவில் அச்சுக்கூடம் வைத்திருந்த சாதிக் பாட்சா படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். துரைமார் தமிழ்ப் புத்தகம் படிக்கப் போவதில்லை, அவர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

"தம்பி, இங்கே புத்தகம் வாங்கறவங்க யாரு? உங்கள மாதிரி கிராணிங்கதானே. காசு கொடுத்துத் திட்டு வாங்குவாங்களா? கடைசியில அவன அழ வைங்க, போட்டுடலாம்."

ஜெயபாலன் முடியாது என்றார். மூன்று மாதம், ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிப் போய் அதையே சொன்னார். அச்சுக்கோப்பவருக்கே கதையில் வரும் இந்த ஆளைக் கண்டால் எரிகிறதாம் என்றார் பாட்சா. எரியட்டும், அதற்குத்தான் எழுதினேன் என்று கத்தினார் இவர். இப்படியும் ஒருவன் இருப்பான் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று பாட்சா சொன்ன அன்று, கையெழுத்துப் பிரதியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். நம்பமாட்டார்களாமே! சாட்சியே கையில் இருக்கிறதே!

மறுநாள் ரப்பர் பால் எடை போட்டு முடிந்ததும் அங்கம்மாளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் நாற்காலியில், அவள் வாசற்படியில். உட்காரச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த அத்தியாயத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டி, நடந்தது இதுதானே என்று கேட்டார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தன் அழுக்கைத் தானே எழுத எவனுக்குத் துணிச்சல் வரும்?

"எல்லாம் சரிதாங்கய்யா," என்றாள் அங்கம்மாள். "நீங்க சிரிச்சது மட்டுந்தான் இல்ல."

தான் சிரிக்கவில்லை என்றார் ஜெயபாலன்.

"சிரிச்சீங்க. எம்புள்ள நடுங்குனத பக்கத்துல நின்ன கங்காணிக்குக் காட்டிச் சிரிச்சீங்க. நான் போலாங்களா?"

அவள் போய்விட்டாள். அவருக்கு நினைவு வந்தது. கங்காணியின் தோளைத் தட்டியதுகூட நினைவு வந்தது. வெட்கம் காதுவரை சுட்டது. ஒரு வரியையும் மாற்றமாட்டேன் என்று மூன்று மாதம் ஊரைக் கூட்டியவர், அந்த ஒரு வரியை எழுதாமலேயே விட்டிருந்தார். பேனாவை எடுத்தார். இரண்டே சொல்தான் எழுத வேண்டும். பேனா மை காய்ந்ததுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு அச்சுக்கூடத்துக்குப் போனார்.

"நீங்க சொன்ன மாதிரியே அழ வெச்சிடலாம், பாய்."

புத்தகம் நன்றாக விற்றது. தூரத்துக் காஹாங் ஊரிலிருந்துகூட ஒரு கிராணி கடிதம் போட்டார். கடைசிப் பக்கத்தில் தானும் அழுததாகவும், எழுதியவர் எவ்வளவு நல்ல மனிதராக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அங்கம்மாளுக்கு அந்தப் பக்கத்தை யாரும் படித்துக் காட்டவில்லை.