பேராசிரியரின் நாய்க்குத் தமிழ் படிப்பித்தேன்

ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஓய்வுபெற்ற மெய்யியல் பேராசிரியர் ஒருவர் வீட்டில் வாரம் இரண்டு நாள் துப்புரவு வேலை செய்தேன். விலங்குகளுக்கு எண்ணங்களே கிடையாது என்று அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். மொழி இல்லாத இடத்தில் எண்ணமும் இல்லை என்பது அவர் கட்சி. வீட்டில் ஒரு கிழட்டு மண்ணிற நாய் இருந்தது.

ஒருநாள் விருந்தினர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஏதோ குடும்ப விஷயம் சொல்ல வந்து, என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"தாராளமாகச் சொல்லுங்கள். இவளும் நாயும் ஒன்றுதான், எதுவும் விளங்காது," என்றார் பேராசிரியர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆறு மாத டொச் மொழி வகுப்பு முடித்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. துணியை முறுக்கிப் பிழிந்தேன். அவர் கழுத்தை நினைத்துக்கொண்டுதான் பிழிந்தேன்.

அடுத்த வாரம் கைப்பைக்குள் இறைச்சித் துண்டுகளை வைத்தேன்.

"என்னப்பா, நாய்க்கு விருந்தே?" என்றார் கணவர்.

"விருந்தில்லை. தமிழ் படிப்பிக்கப் போறன்."

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்."

பேராசிரியர் மதியம் உறங்கும்போது பாடம் நடக்கும். மூன்று மாதத்தில், "கண்ணாடி எங்கை? எடுத்துக்கொண்டு வா" என்றால், அவருடைய மூக்குக்கண்ணாடியை எங்கே ஒளித்தாலும் தேடிக் கொண்டுவர நாய் பழகிவிட்டது.

மறுபடி அதே விருந்தினர் வந்தார்கள். பேராசிரியர் நாயை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தது. "சத்தத்துக்குப் பழகிய உடம்பு, அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லை," என்றார்.

நான் வாசலில் நின்று தமிழில் கண்ணாடியைக் கேட்டேன். நாய் மேசையைப் பார்த்தது. கதிரைக்குக் கீழே பார்த்தது. சற்று நின்றது. பிறகு நேரே படிப்பறைக்குப் போய், அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கவ்வி வந்து என் கையில் வைத்தது.

"இதற்குத் தமிழ் விளங்கும். எனக்கு டொச் விளங்கும். அன்றைக்கு நீங்கள் சொன்னதும் விளங்கியது," என்று டொச்சில் சொன்னேன். குளிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்த வசனங்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறியதை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. அடுத்த நாளே வேலை போனது. துளியும் வருந்தவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு பூங்காவில் பேராசிரியரையும் நாயையும் கண்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு முறை அவரைத் தோற்கடிக்க ஆசை வந்தது.

"இஞ்சை வா," என்றேன்.

நாய் எழுந்து வாலை ஆட்டியது. என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. பிறகு அவருடைய சப்பாத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. நான் கூப்பிட்டது அதற்கு நன்றாக விளங்கியிருந்தது. வர மனமில்லை.

"நன்றி கெட்டது" என்று திட்டியபடி பஸ் பிடிக்க நடந்தேன்.