உத்தமபாளையத்தில் ஒரு சாட்சி

உத்தமபாளையத்தில் பஸ் அரை மணி நேரம் நிற்கிறது. போர் முடிந்து ஐந்து வருடம்; அறுபது வயதில் இறங்கி ராவுத்தரைத் தேடுகிறேன். புளி மண்டியில் ராவுத்தர் தராசைத் துடைக்கிறார். இவர் மருமகன் பர்மாப் போரில் ஜப்பானியர் பக்கம் காவல் நின்று காணாமல் போனவர். இறந்ததற்குச் சாட்சி இல்லாததால் மகளால் விதவைக்குரிய இத்தா என்னும் தனிமைக் காலம் இருக்கவும் முடியவில்லை, மறுமணம் செய்யவும் முடியவில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

“உங்கள் மருமகன் சுடப்பட்டு இறந்ததை நான் பார்த்தேன். அவர் பையிலிருந்த கடிதத்தில் உங்கள் விலாசம் இருந்தது.”

“வெடிச்சத்தம் கேட்டா அங்கன ஆளுக ஓடியாந்திருப்பாகளே?”

“சத்தம் அடக்கிய கைத்துப்பாக்கி. புத்தகத்தை மூடும் ஓசைதான் வரும். சுட்டவர் எங்கள் ரகசியப் படையின் வெள்ளைக்கார அதிகாரி. நான் மொழிபெயர்ப்பாளன்.”

“காவலுக்கு நின்ன மாப்பிள்ள உங்கள அம்புட்டுப் பக்கத்துல எப்பிடி விட்டாக?”

“நான் தமிழில் கூப்பிட்டேன். நம்பி வந்தார்.”

ராவுத்தர் கடைப் பலகையைச் சாத்துகிறார்.

“பள்ளிவாசல்ல தொழுகை நடத்துற ஹஜரத்து இருப்பாக. இதையே அங்கன வந்து சொல்லுங்க. சொல்லிட்டு, எங்க வீட்டுப் பக்கம் வந்துராதீக.”

சரி என்று அவர் பின்னால் நடக்கிறேன்.