ஜன்னலில் தெரிந்த இரண்டு விரல்

காலையில் பலாச்சுளை பிரித்த பிசுக்கு, எண்ணெய் தேய்த்தும் விரலை விட்டுப் போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சுகந்தி என்னிடம் வெட்டிய சதுரங்கக் காய்களை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். என்ன திமிர்! அப்போதே அவள்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

எனக்குப் பதின்மூன்று வயது. திருப்பத்தூரில் நடந்த சிறுமியர் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம் அது. ஜெயிப்பவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் கிளம்பும்போதே அம்மா, "டவுன்காரங்ககிட்ட உஷாரா இரு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் இருந்திருப்பேன்.

சுகந்தி ஒரு குதிரை கூடுதலாக வைத்திருந்தாள். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவள் அப்பா வந்து நின்றார். இரண்டு விரலைக் காட்டினார், பிறகு கையை மூடி நெஞ்சுப் பக்கம் இழுத்தார், மறுபடியும் இரண்டு விரல். அவளோ ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அதனால் என்ன, என் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ இருக்கிறதே, அதில் பார்க்கிறாள் கள்ளி என்று நானே கண்டுபிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சார், அவங்கப்பா வெளியேர்ந்து விரலால சொல்லிக் குடுக்குறாரு!"

நடுவர் போய், அவர் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல், எல்லோரும் பார்க்க அவரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். "எங்கப்பா அப்டிலாம் பண்ண மாட்டாரு சார்" என்ற சுகந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நகர்த்தலில் தன் ராணியை என் மந்திரி வெட்டும் கட்டத்தில் கொண்டுவந்து வைத்தாள். நான் விடுவேனா? வெட்டி ஜெயித்தேன்.

வெளியே என் அப்பா ஜீப்பை நிறுத்தி வைத்திருந்தார். "இன்னா இவ்ளோ நேரம்? ரெண்டு சீட்டுதான் கீது, சீக்கிரம் வரச் சொல்லுங்கன்னு அந்தப் பொண்ணோட அப்பாவாண்ட சொல்லி அனுப்புனேன். நம்ம மாதிரியே காட்டச் சொன்னேனே, பாக்கலியா?"

இன்ஜின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் எங்கள் மலையில் ஜீப்காரர்கள் மிச்சமிருக்கும் சீட்டை விரலால்தான் சொல்வார்கள். கையை மூடி இழுத்தால் "ஓடியா" என்று அர்த்தம். நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரிந்த சைகை, பேன்ட் போட்ட டவுன்காரர் கையில் எனக்குத் திருட்டாகத் தெரிந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஜீப் போய்விடும் என்றது சாக்கு. மாநிலப் போட்டி போய்விடுமே என்பதுதான் பயம். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மாநிலப் போட்டியில் முதல் நாளே தோற்றேன். இன்று ஜீப்காரர்கள் செல்போனில் சீட்டுச் சொல்கிறார்கள், விரல் காட்ட ஆளில்லை. நான் நடுவராகப் போகும் மண்டபங்களில் ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுகிறார்கள். பல வருடம் ஒவ்வொரு போட்டிப் பட்டியலிலும் சுகந்தியின் பெயரைத் தேடினேன். அவள் அதன்பிறகு ஆடவே வரவில்லை.