யூரியா போட்ட வைக்கோல்

யூரியா என்றாலே எனக்கு அப்போது பயம். பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகைக்கு விடக் கரைத்து வைத்திருந்த யூரியாத் தண்ணீரைக் குடித்து ஒரு செம்மறியாடு செத்துப்போனது. "உடனே புளியக் கரைச்சு ஊத்தியிருந்தா பொழச்சிருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். என் கண்ணை விட்டுப் போகாதது அதன் உப்பிய வயிறுதான்.

அந்தக் கோடையில் எங்கும் பச்சை இல்லை. நத்தத்திலிருந்து வந்த மாமா, எலும்பு தெரிய நின்ற எங்கள் மாடுகளைப் பார்த்துவிட்டு, வைக்கோலில் யூரியா தெளித்து மூடி வைத்தால் சத்து ஏறும் என்றார். மாட்டாஸ்பத்திரியில் கேட்டு வந்தாராம். அவரே அளவு பார்த்துக் கரைத்துத் தெளித்து, மிதித்து அடுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடினார். மூன்று வாரம் தொடக்கூடாது. உள்ளே என்னதான் நடக்கிறதென்று நான் தினமும் தார்ப்பாயில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

திறந்த அன்று கண்ணும் மூக்கும் எரிந்தன. அந்த நெடிக்கு அம்மோனியா என்று பெயர் இருப்பது, ஏழாவதோடு நின்ற எனக்கு உரக்கடை வேலைக்குப் போன பிறகுதான் தெரியும். மாமா வைக்கோலை நிழலில் உதறிப் பரப்பி, நெடி போகும்வரை ஆறவிட்டார்.

அப்பா போய்க் கிழட்டு மாட்டை அவிழ்த்து வந்தார்.

"ஏன் மாப்ளே, இதுன்னா போனாப் போகுதுன்னா?"

"அதுக்கில்ல மச்சான். மொதல்ல இது திங்கட்டும்."

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. அம்மா தொழுவத்துக்குள் போய்க் கறவைப் பசுவைப் பிடித்து வந்தாள். வீட்டில் பால் கறந்தது அது ஒன்றுதான். அவள் பிறந்த வீட்டுச் சீர்.

"எங்கண்ணன் செஞ்ச தீனிய எம்மாடு திங்கும்."

பசு மோந்து பார்த்துத் தலையைத் திருப்பியது. பிறகு ஒரு வாய் இழுத்தது. நான் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இல்லையாம்மா?"

"பயமென்ன பயம். போய் வெளாடு."

ஆனால் முளையில் கட்டிய மாட்டின் கயிற்றை அவள் சாயங்காலம்வரை கையில் பிடித்தபடியே நின்றாள். தொழுவத்துக்குப் பின்னால் தட்டு போட்டு மூடிய ஒரு பானை இருந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். புளித்தண்ணீர்.

"எதுக்கும்மா இம்புட்டு?"

"கொழம்புக்கு."

பசு அசைபோட்டபடி படுத்தது. மாமா சிரித்த முகமாய் பஸ் ஏறினார். அவர் தலை மறைந்ததும் அம்மா பானையை வேலியோரம் கவிழ்த்தாள். அன்றைக்குக் குழம்பே வைக்கவில்லை, மோர் ஊற்றித்தான் தின்றோம். புளியைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறவள் அத்தனையையும் ஏன் கொட்டினாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.