அடியில் தங்கிய கறுப்பு

மனைவி லூசியம்மாள் போய் இருபத்தேழு நாளாகியும் தனசீலனுக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று, டெப்போவில் பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல அவரும் நின்று பார்த்தார். வந்ததெல்லாம் பசி, தூக்கம், கொட்டாவி. துக்கம் கேட்க வந்தவர்கள்தாம் அவர் பங்கையும் சேர்த்து அழுதுவிட்டு டீ குடித்துப் போனார்கள்.

இருபத்தெட்டாம் நாள், தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் தம் பிரிண்ட் கடையைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் பூசை. கோயிலில் வைக்க லூசியின் படம் வேண்டும்.

இறந்தவர்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துக் கொடுப்பதே அவர் பிழைப்பு. கலர் மையில் கறுப்பு வெள்ளை எடுத்தால் நாளடைவில் நிறம் திரியும். யாரோ அப்படி எடுத்துக் கொடுத்து, மாதுங்கா விசாலாக்ஷி மாமியின் மாமனார் நாலே வருஷத்தில் சுவரிலேயே பச்சையாகிவிட்டார். தனசீலனின் பிரிண்டரில் ஆறு டேங்கிலும் கரி மைதான். அடர் கறுப்பிலிருந்து வெளிர் சாம்பல் வரை. கண்மைக்குப் பங்காளி முறை. நூறு வருஷம் மங்காது என்கிறான் விற்பவன். இருந்து பார்த்துச் சொல்ல ஆளில்லாததால் நம்பித்தான் ஆகவேண்டும்.

இந்தக் கரிக்கு ஒரு குணம். சும்மா விட்டால் பாட்டிலின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குலுக்கிவிட்டுத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு குணம். படத்தை வாங்குமுன் குரலைத் தாழ்த்துவார்கள். "எங்காத்து மாமா இவ்வளவு கறுப்பு இல்லே. சித்த லைட் பண்ணிடுங்கோ" என்பார் மாமி. தாராவிக்காரர்கள், "அண்ணாச்சி, தோடா கோரா, கொஞ்சம் வெளுப்பா பண்ணிருங்க" என்பார்கள். தனசீலன் மவுஸை இரண்டு தட்டுத் தட்டுவார். ஆயிரம் பேரையாவது சிவப்பாக்கிச் சுவரேற்றியிருப்பார்.

லூசியம்மாள் கறுப்பு, மழுப்ப முடியாத, தீர்மானமான கறுப்பு. கடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி ஒருநாள் சொன்னாள்: "என்னய மட்டும் வெளுத்துராதீங்க. மேல போனா எங்கம்மைக்கு அடையாளம் தெரியாது."

"சரிட்டீ" என்றார். இருபது வருஷத்தில் அவள் அவரிடம் தனக்கென்று கேட்டது அநேகமாக இது ஒன்றுதான்.

அந்தக் காலை டேங்குகள் காலியாக இருந்தன. ஆறு பாட்டிலையும் திறந்து ஊற்றினார். கம்ப்யூட்டரில் அவள் முகத்தைத் தொடவே இல்லை. அப்படியே அச்சடித்தார்.

படம் வெளியே வரவும், மும்பைப் புறநகர் கல்யாணிலிருந்து அவருடைய அக்கா சவரியம்மாளும் வாஷியிலிருந்து மகன் ஸ்டெர்லினும் வரவும் சரியாக இருந்தது. அக்கா படத்தைக் கையில் வாங்கினாள்.

"ஏ ஆத்தீ! என்னா செவப்பு! கலியாணத்தன்னைக்குக்கூட இந்தக் கலரு இல்லியே! பாவி மவளே, செத்த பெறவா ஒனக்கு லெச்சணம் வரணும்?" என்று அங்கேயே ஒரு மூச்சு அழுதாள்.

"ஏக்தம் மஸ்த், பிரமாதமா வந்திருக்குப்பா" என்றான் ஸ்டெர்லின். மொபைலில் படமெடுத்துக் குடும்ப குரூப்பிலும் போட்டுவிட்டான்.

தனசீலன் பார்த்தார். ஜாடை இருந்தது, ஆள் இல்லை. முடிகூடச் சாம்பல் பூத்திருந்தது. பாட்டில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கறுப்பு சேறாகப் படிந்திருந்தது. மேலே நின்ற தண்ணிதான் டேங்குக்குப் போயிருக்கிறது.

"குலுக்கல" என்றார்.

"என்னதுப்பா?"

"குலுக்காம ஊத்திட்டேன். இது அவ இல்ல."

"நல்லதாப் போச்சுன்னு விடுங்கப்பா. குரூப்ல அதுக்குள்ள அறுபது பேரு கும்பிடு அனுப்பிட்டாங்க. இப்ப மாத்துனா நல்லாருக்காது."

"ஏல தனசீலா, ஊரு சனத்துக்கெல்லாம் வெளுத்துக் குடுக்கே. ஒம் பொண்டாட்டிக்கு மட்டும் கணக்குப் பாப்பியோ?" என்றாள் அக்கா. படம் ஸ்டெர்லின் கையோடு ஃபிரேம் கடைக்குப் போனது.

தனசீலன் ஆறு டேங்கிலும் இருந்ததை அந்தந்தப் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றினார். ஒவ்வொரு பாட்டிலாகக் குலுக்கினார். சேறு கரைய நேரமெடுத்தது. அவருக்கும் வேறு வேலை இல்லை. மறுபடி ஊற்றி, குழாயில் தங்கிய வெளிர் மை தீருமட்டும் தாள் தாளாக ஓட்டினார். கடைசியில் வகிடு வந்தது, நெற்றி வந்தது, கண் வந்தது. இப்போதாவது அழுகை வருமோ என்று நின்றார். வரவில்லை. மை காயுமுன் தாள் பறந்துவிடக் கூடாதென்று ஃபேனை மட்டும் நிறுத்தினார்.

ஞாயிறு காலை கோயிலில் ஸ்டெர்லினின் ஃபிரேம் பீடத்துக்குக் கீழே ஸ்டாண்டில் நின்றது. தனசீலன் போய் அதை எடுத்துச் சுவரோரம் திருப்பி வைத்தார். துணிப்பையில் கொண்டுவந்திருந்த, தாம் மறுபடி அச்சடித்த படத்தின் ஃபிரேமை அந்த இடத்தில் நிறுத்தினார்.

முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்தே வந்துவிட்டாள். "ஏல, என்னல செய்யுத? சனம் என்ன சொல்லும்? கறுப்பால்லா இருக்கா!"

"கறுப்பிதானக்கா."

"அதுக்காவ? கடைசிப் படத்துலயாவது..."

"நானும் அப்படித்தான் ஆயிரம் பேருக்குப் பண்ணிட்டேன். இவளுக்கு மாட்டேன்னு சொல்லிருக்கேன்."

குரலில் கோபமில்லை, துக்கமும் இல்லை. பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னார். ஸ்டெர்லின் மொபைலைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பூசைக்கு மணி அடித்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள்.

அக்கா மட்டும் இடத்துக்குத் திரும்பாமல் படத்தை முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் எரிந்த மெழுகுதிரி இரண்டையும் ஃபிரேமுக்கு நெருக்கமாக நகர்த்தினாள்.

"மொகம் தெரியணும்லா" என்றாள், யாரையோ திட்டுகிற குரலில்.

தனசீலன் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.